அவர் வைத்தபடி இருக்கும் ட்ரம்ஸ்

மார்ச் 4
கார்மெண்ட்ஸில் இன்று நாள் முழுக்கக் காலர் தைக்கிற வேலைதான். கழுத்து வலி. வீட்டுக்கு வந்தால் பின்னறையில் என் வீட்டுக்காரருடைய பேண்டு ஆட்கள் நிற்கிறார்கள். அவர் மாரடைப்பில் போன பிறகு இப்போதுதான் வருகிறார்கள். கிடார் வாசிக்கும் நெட்டையன் என் முகத்தைப் பார்க்காமலே பேசினான். “அண்ணி, ரெண்டாவது ஆல்பத்தை முடிக்கணும். ட்ரம்ஸுக்கு வேற ஆள் பாக்கட்டுமா?”
என்னை எதற்குக் கேட்கிறான்? கேட்டானே, அதுவே பெரிசு. சரி என்றேன்.

மார்ச் 6
ட்ரம்ஸின் ஒவ்வொரு காலையும் சுற்றித் தரையில் டேப் ஒட்டினான் நெட்டையன். “ஒரு ஸ்க்ரூகூட அசையாது அண்ணி. அவர் வச்சது வச்சபடி இருக்கும்.” எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் இடது கைக்காரர். ஊரெல்லாம் ஒரு பக்கம் வைத்தால் இவர் மறுபக்கம் வைப்பார்.

மார்ச் 22
இன்று ட்ரம்ஸ் வாசிக்க வந்தவர் பேர் பெற்றவராம். கையைக் குறுக்கே குறுக்கே போட்டு வியர்த்துக் கொட்டினார். குச்சியோடு குச்சி இடித்தது. “இதைத் திருப்பி வச்சா...” என்று ஆரம்பித்தவர், நெட்டையன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். போன வாரம் வந்தவனும் இப்படித்தான் திணறினான்.
“அவன மாதிரி இனி ஒருத்தன் பொறக்கணும்” என்றார் புரொபசர். கீபோர்டு வாசிப்பவர். ஏழு, ஐந்து, பதினொன்று என்று எந்நேரமும் விரல்விட்டுத் தாளம் எண்ணுவதால் அந்தப் பெயர்.
எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நான் என்ன மனுஷி?

ஏப்ரல் 2
ஆல்பம் வெளியிடும் கம்பெனிக்காரர் வந்தார். முதல் ஆல்பம் ஓகோவென்று ஓடியது. ஒரே பாட்டு இருபது நிமிஷம், தாளம் நடுவில் நாலு தடவை மாறும். “அடுப்புல தண்ணி வச்சா கொதிச்சு ஆறிடும், உங்க பாட்டு முடியாது” என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன்.
“அதே மாதிரி இன்னொண்ணு குடுங்க. ஜூனுக்குள்ள வரலேன்னா விட்டுடலாம்” என்றார்.
“அதே மாதிரின்னா அவரத்தான் கூட்டிட்டு வரணும்” என்றான் நெட்டையன்.

ஏப்ரல் 3
அழுகை. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 19
ஒரு பெண் வந்தாள். குள்ளம், வாயாடி. ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் பெடலுக்கு எட்டவில்லை. “அண்ணே, நான் வலது கைக்காரி. மாத்தி வச்சுக்கறேன்.”
“அதத் தொடக் கூடாதும்மா.”
“வாசிக்கக் கூப்பிட்டீங்களா, கும்பிடக் கூப்பிட்டீங்களா?”
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்ததே கோபம். “அவர் கை பட்ட சாமான். பிடிக்கலேன்னா கெளம்பு” என்றேன். குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 20
மூன்று காலரைத் தலைகீழாகத் தைத்து வைத்தேன். சூப்பர்வைசர் அம்மா திட்டாமல் தானே பிரித்துக் கொடுத்தார். அது இன்னும் வேதனை.
அந்தப் பெண் சொன்னது காதிலேயே நிற்கிறது. அவர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? வெளியூருக்கு வாசிக்கப் போனால் அங்கே இருக்கிற ட்ரம்ஸைக் கழற்றி மாற்றிப் போட்டுவிட்டுத்தான் உட்காருவார். “அடுத்தவங்க சாமானாச்சே, திட்டமாட்டாங்களா?” என்றால், “திட்டட்டும், வாசிக்கப் போறது என் கைதானே” என்பார்.
அவரேதான் அப்படிச் செய்தார் — இப்போ நாம என்ன பண்ணிட்டிருக்கோம்?

ஏப்ரல் 26
அவளை வரச்சொன்னேன். “நெஜமாவா அண்ணி?” என்று நெட்டையன் இரண்டு தடவை கேட்டான். டேப்பை நானே உரித்தேன், நகம் பிய்ந்தது. இந்தப் பக்கத்துச் சாமான் அந்தப் பக்கம் போனது. அவள் ஸ்டூலைத் திருகித் திருகி இறக்கினாள். அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 9
இன்று அவள் சரியாக அடித்தாள், மற்றவர்கள்தான் தவறினார்கள். புரொபசருக்கே எண்ணிக்கை விட்டுப்போனது. சிரிக்கிறார்!

ஜூன் 11
கம்பெனிக்காரர் வந்து புது ஆல்பத்தைப் போட்டுக் கேட்டார். “முதல் ஆல்பம் மாதிரியே இல்லையே.”
“இல்லதான்” என்றான் நெட்டையன்.
கம்பெனிக்காரர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.

ஜூன் 14
ஞாயிறு. மத்தியானம் பின்னறையில் மண்டையைப் பிளக்கும் சத்தம். சுவரில் தட்டி, “போதும், நிறுத்தித் தொலைங்க!” என்று கத்தினேன்.
“இன்னும் ஒரே ஒரு தடவை அண்ணி!” என்றாள் அந்த வாயாடி.
கதவைச் சாத்தாமலே படுத்தேன். எப்போது தூங்கிப்போனேன் என்று தெரியவில்லை.