அசையும் ஸ்வரம்

வியாழன், மழை இரவு

எனக்கு உயிரான அந்த ராக் பாட்டின் கிடார் ரிஃபை, திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்னத் துணுக்கை, இத்தனை வருடமும் தப்பாகவே வாசித்திருக்கிறேன். எங்கள் மலையாளி டிரம்மர் ஷிபு இன்று பயிற்சியில் அசல் பதிவைப் போட்டுக் காட்டினான். "சேச்சி, ஒரிஜினல்ல கடைசியில இந்த ஆட்டமே இல்லல்லோ!"

இல்லைதான். கடைசி ஸ்வரம் குச்சி போல நேராக நிற்கிறது. நான் கற்றுக்கொண்டது அண்ணாவின் கேசட்டில். நாடா இழுபட்டு அந்த இடத்தில் சுருதி அலைந்திருக்க வேண்டும். பாட்டு கிளாஸில் வளர்ந்த என் காது அதைக் கமகமாக எடுத்துக்கொண்டது. எங்கள் ஊர்க் கரமனை ஆற்றில் வெளிச்சம் அசைகிற மாதிரி விரலை அசைத்தே வந்திருக்கிறேன்.

சனிக்கிழமை மேடையில் நேராக வாசிக்கச் சொல்கிறான்.

வீட்டுக்கு வந்து அப்படியே வாசித்துப் பார்த்தேன். யாருடைய பாட்டோ போல இருந்தது. என் கிடாரை ஒரு நாளும் சங்கீதமாக மதிக்காத அம்மா, அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, ஒடம்பு சரியில்லையா? கடைசியில ஒரு அசைவு வருமே, அதெங்க?"

இதை எழுதும்போதும் இடது மோதிர விரல் போர்வைமேல் தானாக அசைகிறது. சனிக்கிழமை அதைப் பிடித்து நிறுத்தப் போவதில்லை.