பித்தளை மூடி

கீழ்பென்னாத்தூர்,
ஐப்பசி 12.

அன்புள்ள மாமாவுக்கு,

தனம் எழுதிக்கொள்வது. நானும் நம் மகள் மதிவதனியும் நன்றாக இருக்கிறோம். காலாண்டுத் தேர்வில் அவளுக்குக் கணக்கில் தொண்ணூற்றொன்று. கடலை பிடுங்கியாகிவிட்டது. பக்கத்துத் தெரு அன்பரசன் திங்கட்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவரிடம் வறுத்த கடலை ஒரு பையும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பீர்கள். லாரி என்று நான் வாயெடுத்தாலே "உனக்கு இன்னா தெரியும்"னு போனை வைத்துவிடுகிறீர்களே. காகிதத்தை அப்படி வைக்க முடியாது. கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

நம் லாரியின் முன்சக்கரத்துச் சத்தம் எதனால் வருகிறது என்று தெரிந்துவிட்டது. சக்கரபாணி அண்ணன் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஆனி மாதத்திலிருந்து மூன்று முறை பேரிங் மாற்றினோம். மாற்றியதும் சில நாள் அமைதி. பிறகு இடது முன்சக்கரத்தில் அதே கரகர சத்தம். நீங்களோ அங்கே உட்கார்ந்துகொண்டு, "அவன் வண்டிய ஓட்டல, ஒடைக்கிறான். லோடு ஜாஸ்தி ஏத்தறான்"னு தீர்ப்பு சொன்னீர்கள். அதோடு விட்டீர்களா? லோடு ஜாஸ்தி ஏற்றவில்லை என்று, அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரத்துக்கு முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னீர்கள். ஆறு வருஷமாக நம் வண்டியை ஓட்டிய மனுஷன், மனைவி ஆராயியையும் கூட்டிக்கொண்டு போய், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தார். மறுநாள் அந்தக் கொப்புளத்தோடுதான் நெல் லோடு ஓட்டினார்.

அடுத்த மாதமே சத்தம் திரும்ப வந்தது. "பொய் சத்தியம் பண்ணிட்டான்"னு டீக்கடை வரைக்கும் போன் போட்டுச் சொன்னீர்கள். சாவியை நம் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு அவர் போய்விட்டார். இப்போது பால் சொசைட்டிக்கு ஆராயி வந்தால் அங்கே பேச்சு நின்றுபோகிறது. அவர்கள் மகள் ஆர்த்தியைப் பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டார் போனையே எடுப்பதில்லையாம். பொய் சத்தியம் செய்தவர் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

பிறகு நீங்களே தேடி அனுப்பினீர்களே புகழேந்தி, பூப்போல ஓட்டுவான் என்று. அவர் வந்து மூன்று வாரத்தில் அதே சக்கரம், அதே சத்தம். அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலண்டரை எடுத்து, சத்தம் கேட்க ஆரம்பித்த நாட்களையெல்லாம் குறித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பௌர்ணமி கழிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் வந்திருக்கிறது.

பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம். லாரியை டவுனுக்குள் விடமாட்டார்கள். அதனால் அன்றைக்குத்தான் நம் வண்டிக்கு வாட்டர் சர்வீஸ். சித்திரையில் லீவில் வந்தபோது, கோயில் பக்கத்துப் பட்டறையில் சூலம் செதுக்கி இரண்டு பித்தளை மூடி செய்து வாங்கினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? முன்சக்கரங்களின் நடுவில் இருந்த இரும்பு மூடியைக் கழற்றிவிட்டு அதை மாட்டினீர்கள். சூலம் பளபளவென்று தெரியும்படி பிரஷர் தண்ணீர் அடித்து, மாதாமாதம் போட்டோ அனுப்பவேண்டும் என்பது உங்கள் உத்தரவு.

மெக்கானிக் மாறனை என் கண் முன்னால் சக்கரத்தைப் பிரிக்கச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மூடியைக் கழற்றித் துணி மேல் வைத்து, தொட்டுக் கும்பிட்டார். மூன்று முறையும் இப்படித்தானாம். சாமி சூலத்தின் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? உள்ளே கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பேரிங் உருளை எல்லாம் துரு. மூடியைத் திரும்ப வைத்துப் பார்த்தால் ஓரத்தில் என் நகம் நுழைகிறது. அந்த இடுக்கு வழியாகத்தான் மாதாமாதம் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வலது பக்கத்து மூடி வைகாசியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. நீங்கள் கத்துவீர்கள் என்று பயந்து, பழைய இரும்பு மூடியை மாட்டிவிட்டு, இடது பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்த வலது சக்கரம் இன்றுவரை முனகவில்லை. ஓட்டுகிற ஆள்தான் கெட்டவர் என்றால் இரண்டு சக்கரமும் அல்லவா கத்தியிருக்க வேண்டும்? இதை அன்றைக்கே கேட்காமல் நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம் எனக்கு இருக்கிறது.

இப்போது இரண்டு பக்கமும் இரும்பு மூடிதான். புகழேந்தியை அனுப்பிவிட்டேன். பித்தளை மூடி சாமி மாடத்தில் இருக்கிறது. சாவி என் முந்தானையில். சக்கரபாணி அண்ணன் வந்து எடுக்கும் வரை வண்டி நகராது. நேற்று அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "பரவால்ல தனம், தெரிஞ்சுதே, அது போதும்"னு சொன்னார். சாவியை நீட்டினேன், வாங்கவில்லை. ஆராயி உள்ளே இருந்து வெளியே வரவே இல்லை.

கார்த்திகை தீபத்துக்கு வருவீர்கள். அவர்கள் இரண்டு பேரையும் நீங்களே போய் அழைத்து, அதே கோபுரத்துக்கு முன்னால் நில்லுங்கள். டீக்கடைக்காரர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். சக்கரபாணி சொன்னது சத்தியம், நான் சொன்னதுதான் பொய் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லி, ஒரு கற்பூரத்தை நீங்கள் அணையுங்கள்.

சுடும் மாமா. அவருக்கும் சுட்டது. தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நிற்பேன்.

அண்ணாமலையார் உங்களை நல்லபடியாக ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் தனம்.