முகம் மாறிப்போகும் பயம்

பதுளை, 1951

மே 6, ஞாயிறு

இன்றும் ஒரு படம் மாறிப்போயிற்று. பூனாகலைத் தோட்டத்துப் பெரியாயியின் படம் லுணுகலைத் தோட்டத்துப் பெரியாயியின் மனுவில் ஒட்டப்பட்டு, மனு எழுதுகிற வக்கீல் பிரக்கிராசியார் கண்ணில் பட்டதால் திரும்பி வந்தது. அவர் கவனித்திராவிட்டால்? பெயர் ஒருத்தி, முகம் இன்னொருத்தி என்றால் இரண்டு பேரையுமே கள்ளர் என்றுதான் சொல்லுவார்கள். இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனத்தை இலங்கைப் பிரசையாக ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்கிற மனு அது.

பார்சல் கந்தோரில் இருந்த காலத்தில் ஒரு மூட்டையையும் தொலைக்காதவன் என்றுதான், ரெயில்வேயில் ஓய்வு பெற்ற கையோடு ஜுனைதீன் முதலாளி என்னைத் தன் ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டார். இங்கே வேலை நடக்கிற விதத்தைச் சீராக்கித் தர வேண்டுமாம். மூட்டைக்கு வாய் இல்லை, பயம் இல்லை. அது எவ்வளவு பெரிய வசதி என்று இப்போதுதான் தெரிகிறது.

மே 9

கோளாறு எங்கே என்று பார்த்தேன். படம் எடுக்கிற ஜௌபரும் இருட்டறையில் கழுவுகிற சரவணமுத்தரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு கல்யாணப் படம் கறுத்துப்போனது யாரால் என்று தொடங்கிய சண்டை. ஜௌபர் கண்ணாடித் தகடுகளைக் கதவடியில் வைத்துவிட்டு இருமுவார். இவர் தன் பாட்டில் எடுத்துக் கழுவுவார். எது முந்தி, எது பிந்தி — ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

தோட்டத்துப் பெண்கள் வேறு. அடையாளத்துக்குப் புருசன் பெயரைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பெயரை வாயால் சொன்னால் அவனுக்கு ஆகாதாம். பக்கத்தில் நிற்பவள்தான் சொல்ல வேண்டும். அவளும் சிலவேளை அவசரத்தில் அடுத்த லயத்து வீட்டுக்காரன் பெயரைச் சொல்லிவிடுகிறாள்.

மே 16

வழி கிடைத்துவிட்டது. தகர வில்லை. இலக்கம் பொறித்து, நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டால் படத்திலேயே இலக்கம் விழும். தகட்டிலிருந்து காகிதத்தில் கொப்பி போடும்போது அந்தப் பகுதியை வெட்டிவிடலாம். யாரும் யாரோடும் பேசத் தேவையில்லை. முதலாளி என் முதுகில் தட்டினார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

மே 20, ஞாயிறு

பூனாகலையிலிருந்து லொறி வந்தது. கந்தப்பன் கங்காணி ஆட்களை வரிசையில் நிறுத்தினார். முதலில் அவருடைய தாய் ரெங்கம்மா. புருசன் இல்லாதவள், இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவள். வில்லையைக் கழுத்தில் போடப் போனேன். என் கையைத் தட்டிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நான் சின்னப் புள்ளையா இந்தியாவுலருந்து வர்றப்ப மண்டபம் கேம்புல இதத்தாங்க கழுத்துல கட்டுனாங்க. இதக் கட்டித்தான் இப்பத் திருப்பி அனுப்பப் போறீங்களா?"

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. கந்தப்பன் மன்றாடிப் பார்த்தார். ஒருவரும் நிற்கவில்லை, லொறியில் ஏறிவிட்டார்கள்.

தகரம் கட்டித்தான் இவர்களைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று எனக்கு யார் சொன்னது? இவ்வளவு காலமும் இந்த மலையில சம்பளம் எடுத்தனான். ஒருக்கா எண்டாலும் ஆரையும் கேட்டனானா?

மே 27

ஒருவரும் வரவில்லை.

ஜூன் 3

இன்றும் இல்லை. ஜௌபர் கமராவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பதுளையில் படம் எடுக்கப் போனால் தகரம் கட்டிக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று லுணுகலைக் கடைத்தெருவில் பேச்சாம். ஓகஸ்ட் தொடக்கத்தோடு மனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். என் வேலை போனால் போகட்டும். இந்தச் சனம் மனுப் போடாமல் இருந்துவிட்டால்? நான்தானே காரணம்.

ஜூன் 12

ஜௌபரையும் சரவணமுத்தரையும் ஒரு மேசையில் இருத்தினேன். முதலில் ஒருவர் யன்னலைப் பார்த்தார், மற்றவர் கூரையைப் பார்த்தார். வில்லையை விட்டுவிட்டோம், இனி என்ன வழி என்று கேட்டேன். பழைய கல்யாணப் படம் வெளியே வந்து ஒரு பாட்டம் சண்டை நடந்தது. அது ஓய்ந்த பிறகு சரவணமுத்தர்தான் சொன்னார்.

"ஒரு வீட்டாரை ஒண்டா நிப்பாட்டி எடுக்கட்டும். நான் முகம் முகமா வெட்டித் தாறன். புருசன்காரன் எல்லாற்றை பேரையும் சொல்லுவான். ஆனா தகடு எந்த வீட்டுது எண்டு இவர் தன்ரை வாயாலை எனக்குச் சொல்லவேணும்."

ஜௌபர் சரி என்றார். இனி நாங்கள்தான் தேடிப் போக வேண்டும். தோட்டத்துக்குள் கால் வைத்தால் தோட்டத்தை நடத்துகிற துரை பொலிசில் பிடித்துக் கொடுப்பார் என்று முதலாளி எச்சரிக்கிறார். பயமாகத்தான் இருக்கிறது. போகாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது.

ஜூன் 17, ஞாயிறு

பூனாகலை. தோட்ட எல்லைக்கு வெளியே ரோட்டோரம் கமராவை நிறுத்தினோம். காவல்காரன் முறைத்துக்கொண்டு நின்றான். எந்த நேரமும் பொலிஸ் ஜீப் வரும் என்று என் காதெல்லாம் வளைவில்தான். முதலில் ஒருவரும் கிட்ட வரவில்லை. கந்தப்பன் தன் பெண்சாதி பிள்ளைகளோடு வந்து நின்ற பிறகு ஒவ்வொரு வீடாக வந்தது. வெயில் இறங்கும்வரை ஜௌபர் எடுத்துக்கொண்டே இருந்தார்.

ரெங்கம்மா வரவில்லை. காவல்காரன் தேத்தண்ணிக்குப் போன நேரம் பார்த்து லயத்து வாசலுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். கதவு திறக்கவில்லை. அம்மா வராது, நீங்க போங்க என்று கந்தப்பன் என்னைத் திருப்பி அனுப்பினார்.

ஜூலை 29

எல்லாத் தோட்டத்துப் படங்களும் கொடுத்து முடிந்தன. ஒன்றுகூட மாறவில்லை. சரவணமுத்தரும் ஜௌபரும் ஒரே கடையில் தேத்தண்ணி குடிக்கிறார்கள். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

ரெங்கம்மாவுக்கு மட்டும் மனு இல்லை. நாளைக்கு மகன் பிரசை, தாய் யாரோ என்று ஆகிவிட்டால் அந்த மனுசி எங்கே போவாள்? யாரிடம் கேட்பது? கேட்கவும் பயம்.

1954

மார்ச் 11

கந்தப்பன் இன்று தாயோடு வந்தார். அவருடைய மனுவைத் தள்ளிவிட்டார்கள். இடையில் ஒருமுறை இந்தியாவுக்குப் போனவர் காய்ச்சலில் விழுந்து வருடக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டாராம். அதனால் தொடர்ந்து இங்கே இருந்ததாக எடுக்க முடியாதாம். படத்தில் ஒரு பிழையும் சொல்லவில்லை. குடும்பத்தோடு இந்தியாவுக்கே போகிறார்கள். பாஸ்போட்டுக்குப் படம் வேண்டும்.

ரெங்கம்மாவை யாரும் கூப்பிடவில்லை. தானே போய் முக்காலியில் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். மெலிந்துபோயிருக்கிறாள். நான் திரைக்குப் பக்கத்தில் நின்றேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளாகத்தான் என்னைக் கூப்பிட்டாள்.

"மூஞ்சி நல்லா வுழுகணுங்க. அங்க என்னைய யாருக்கும் தெரியாது."

ஜௌபர் விளக்கைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தார். கொப்பி இப்போது மேசையில் காய்கிறது. நல்ல தெளிவாக விழுந்திருக்கிறது.