காய்ச்சலோடு களமிறங்கியவளுக்கு

இன்று காலை பள்ளி மைதானத்தில் ஒரு மாணவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். தைல வாசனையோடு சூடு கையில் ஏறியது. மதியம் அவளுக்குக் கபடிப் போட்டி. "மாத்திர போட்டுக்கினேன் மேடம், ஆடிடுவேன்" என்றாள். நீயும் இதையேதான் சொன்னாய்.

எட்டாம் வகுப்பிலிருந்து நாம் ஒரே அணி. நான் கேட்டு நீ எதையும் மறுத்ததில்லை. அன்று திருப்பதியில் மாவட்ட இறுதிப் போட்டி, நான் கேப்டன். நகரியில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாய். உன் நைனா தறியை நிறுத்திவிட்டு வந்தார். "ஒடம்பு கொதிச்சிக்கினு கீது. ரெண்டு நாளா ஒரு வாய் துன்னல. இத்தப் போயி இட்டுக்கினு போறியேம்மா?" என்றார். நீ இல்லாவிட்டால் ரெய்டுக்கு யார் போவது என்று அழுதேன். பொய் அழுகையில்லை. ஆனால் ஒரு சொட்டும் உனக்காக இல்லை. நீ எழுந்து வந்தாய்.

புத்தூர் தாண்டும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, "நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதுடி" என்றாய். பயிற்சியாளரிடம் சொன்னேன். "ஏம் காதும்மா" என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார். ஒன்றும் ஆகாதாம். அந்தச் சொல் எனக்கு வசதியாக இருந்தது.

ஜெயித்தோம். கடைசி ரெய்டு முடித்து நடுக்கோட்டைத் தொட்டவள் அங்கேயே விழுந்தாய். காய்ச்சல் இதயத்தையும் தாக்கியிருக்கிறது என்றார் மருத்துவர். படுத்திருக்க வேண்டிய பெண்ணை ஏன் ஓடவிட்டீர்கள் என்றும் கேட்டார். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். அந்த வெற்றிச் சான்றிதழைக் காட்டித்தான் எனக்கு இந்த விளையாட்டு ஆசிரியை வேலை கிடைத்தது.

இன்று அந்த மாணவியை வீட்டுக்கு அனுப்பினேன். தோற்றோம். தலைமையாசிரியர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஒரு ஜொரத்துக்குப் போயி எம்பொண்ணு செலக்‌ஷன கெடுத்துட்டீங்களே" என்று அவள் அம்மா போனில் திட்டினாள். கேட்டுக்கொண்டேன். உன் கதையைச் சொல்லி நல்ல பெயர் வாங்க நாக்கு எழவில்லை.

உன் காரியத்தன்று உன் நைனா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றுதான் கேட்டார். "நீ கூப்புட்டா அவ வருவான்னு ஒனக்குத் தெரியும் இல்ல?"

அவரிடம் தலைகுனிந்து அழுதேனே தவிர, வாய் திறக்கவில்லை. உன்னிடம் சொல்கிறேன். தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன்.