பட்டியலில் நான் சேர்த்த வரி

பிப்ரவரி 6, 2012
சிப்காட்டிலிருந்து வந்து கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பக்கத்து ஓரத்தில் தொட்டில் விளம்பரம். செய்திப் பக்கத்திலும் அதே தொட்டில். ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே குழந்தை போய் மூன்று வாரம் ஆகவில்லை. மனைவி மோகனப்பிரியா பின்னால் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 7
பயர்பாக்ஸ் பிரவுசரில் விளம்பரத் தடுப்பான் போட்டேன். திறக்கிற பக்கம் வேறு கம்பெனிகளிடமிருந்தும் துண்டுகளை இழுக்கிறது. அவைதான் நம் பின்னாலேயே வந்து குறிப்பெடுப்பவை. அவற்றின் முகவரிகளை யாரோ பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள், ஆயிரக்கணக்கான வரி. பட்டியலில் இருந்தால் பிரவுசர் அங்கே போகவே போகாது. தொட்டில் ஒழிந்தது. காட்டினேன். "சரிங்க" என்றாள்.

பிப்ரவரி 19
ஷிப்ட். தூக்கம்.

மார்ச் 7
ஹிஸ்டரியைப் பார்த்தேன். புதன்கிழமைதோறும் வாரத்துக்கு வாரம் கரு வளர்வதைச் சொல்லும் ஒரு கர்ப்பக் கணக்குப் பக்கத்துக்கு அவளே போகிறாள். அதன் கணக்கில் இன்று இருபத்தாறாவது வாரம். குழந்தை கண் திறக்குமாம். எதுக்கு இப்படிப் பண்றா? கேட்கவில்லை.
பட்டியல் இதைத் தடுக்காது, அவளே டைப் செய்து போகிறாளே. கம்ப்யூட்டரில் முகவரிகளைத் திசைதிருப்பும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்த முகவரியை நானே ஒரு வரியாகச் சேர்த்தேன். இனி திறக்காது.

மார்ச் 14
"ஏங்க, ஒரு பக்கம் மட்டும் வரமாட்டேங்குது."
"அவன் சர்வர் படுத்திருக்கும்."
பொய்.

மார்ச் 21
மச்சினன் வினோத்குமார் சிதம்பரத்திலிருந்து போன். "மாமா, அக்கா பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டர்ல உக்காந்திருக்கு. வூட்டுக்குக் கூப்ட்டா வரமாட்டேங்குது. சண்டையா?"
கடலூரில் இல்லாத சென்டரா? இங்கே எல்லாருக்கும் என்னைத் தெரியும். அதனால் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போயிருக்கிறாள்.
பர்மிஷன் போட்டுப் போனேன். திரையில் இருபத்தெட்டாவது வாரம்.
"நான்தான் நிறுத்தினேன்" என்றேன்.
"தெரியும். நெசமா சர்வர் படுத்தா கத்துவீங்க. அன்னிக்குக் கத்தல."
பிறகு, "வயித்துல இல்லன்னு எனக்குத் தெரியாதா? இந்நேரம் எவ்ளோ வளந்திருக்கும்னு பாக்கறேன், அவ்ளோதான்" என்றாள்.
ஒரே பஸ்ஸில் திரும்பினோம்.

மார்ச் 28
வரியை அழித்தேன். தடுப்பான் இருக்கட்டும்.
அவள் பக்கத்தைத் திறந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இருபத்தொன்பது. ஒரு கிலோவுக்கு மேல் இருக்குமாம்.
"உங்களாட்டம் அவசரக்காரனா இருந்திருப்பான்."
"பையன்னு யாரு சொன்னது?"
ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் சொல்லிவிட்டாளாம். நான்தான் கேட்கவே இல்லை.