இன்று காபி கேஸ் அடுப்பில்

தெரசா,

காது மிஷினுக்கு பேட்டரி வாங்கத் திருப்பத்தூர் போகிறேன். சாமைச் சோற்றை மூடி வை, மதியம் வந்துவிடுவேன். சாவி ஆணியில் இருக்கிறது.

சாயங்காலம் உன் தம்பி கிளமென்ட் அமிர்தியிலிருந்து வருகிறான். வரட்டும். காபியை மட்டும் கேஸ் அடுப்பில் போடு.

அவன் வாங்கிக் கொடுத்த இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் என் காது மிஷின் வண்டு மாதிரி இரைகிறது. யார் பேசுவதும் காதில் விழுவதில்லை. அவன் வருகிறான் என்றால் மட்டும் அதைத் துடைத்துப் பளபளவென்று வைக்கிறாய். போன ஞாயிறு அதன் பக்கத்தில் நின்று இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். நானும் கேட்கலாமென்று வந்தேன், இரைச்சல் தாங்காமல் திரும்பினேன். பின்னாலேயே கூடத்துக்கு வந்து, "இன்னா மாமா, வந்ததும் ஓட்றீங்க?" என்கிறான். குடும்பத் தலைவன் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பது நமக்கு அழகில்லை.

அவனிடம் காரணம் சொல்லாதே. மாமாவுக்கு கேஸ் காபிதான் பிடிக்கும் என்று சொல்.

சந்தியாகப்பன்

கேஸ் தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. புது சிலிண்டரை நானே மாட்டிவிட்டேன்.

என்னோடு பேசி நீ அப்படிச் சிரித்து நாளாகிறது. அன்று எதற்குச் சிரித்தீர்கள் என்பதை அவன் பஸ் வருவதற்குள் எனக்குச் சொல்லிவிடு. அடுப்பை அணைத்துவிட்டுச் சொல்.