எங்கள் ஊரில் எத்தனை பேர்

மார்ச் 3, 2004, புதன்

காலையிலேயே வெயில். மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை, மோட்டார் போட மறந்தது நான்தான். ஆக்னஸுக்கு வழக்கமான எல்.கே.ஜி. வயிற்றுவலி. ஆட்டோ வந்ததும் அழுகை, தெரு திரும்பியதும் சிரிப்பு.

மதியத்துக்கு முன் காதர் பாய் போன். குரல் கேட்டு எத்தனை நாள். அவருடைய தோல் மண்டியில்தான் முன்பு வேலை. ஆட்களின் வாரச் சம்பளம், தோல் இருப்பு எல்லாவற்றுக்கும் ஃபாக்ஸ்ப்ரோ என்ற மொழியில் புரோகிராம் எழுதியது நான். ஆக்னஸ் பிறந்ததும் வேலையை விட்டேன். புரோகிராம் மட்டும் லீவே போடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

"தாயி, புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. உங்க புரோகிராமு அதுல எந்திரிக்கவே மாட்டேங்குது. மக சொல்றா, அந்த பாஷையே மவுத்தாப் போச்சாம். பழைய கம்ப்யூட்டர்ல போன வியாழக்கெழம சம்பளம் போட்டுச்சே. மவுத்தானது எப்படித் தாயி சம்பளம் போடும்?"

செத்த பாஷை சம்பளம் போடுகிறது! சிரித்துவிட்டேன். அவரும்.

விஷயம் இதுதான். சென்னைக் கம்பெனி ஒன்று ஜாவாவில் எழுதிய புது சாஃப்ட்வேரைக் காட்ட அடுத்த வியாழன் வருகிறது. அதற்கு மாறுவதா, பழையதையே வைத்துக்கொள்வதா, நான் பார்த்துச் சொல்ல வேண்டும். வைத்துக்கொண்டால் என்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வாராம். அரை நாள் போதுமாம்.

எனக்கு இந்த வேலை வேண்டும். வீட்டில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் வேண்டும். யாரிடமும் இப்படிச் சொல்ல வராது. இங்கே எழுதிவிட்டேன்.

மார்ச் 5, வெள்ளி

தவக்காலம். கறி கிடையாது. முருங்கைக்காய் சாம்பார், கத்தரிக்காய் வெஞ்சனம். செ. (கணவர் செல்வராஜ், இனி செ.) முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்.

பெங்களூரிலிருந்து கொழுந்தன் பிரிட்டோ போன். அங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான்.

"மதனி, ஒரு லிஸ்ட்டு அனுப்பிருக்கேன். எந்த லாங்வேஜ் எத்தனாவது எடம்னு போட்டுருக்கும். ஒங்க ஃபாக்ஸ்ப்ரோ எங்க கெடக்குன்னு பாத்துட்டு அழுவக் கூடாது."

பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரௌசிங் சென்டர். மின்விசிறி சத்தம் மட்டும் பலமாக. லிஸ்ட்டைத் திறந்தேன். உச்சியில் ஜாவா. கீழே, கீழே, இன்னும் கீழே போனால் என்னுடையது. பள்ளிக்கூடத்தில் கடைசி ரேங்க் வாங்கிய பிள்ளையின் அம்மாவுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

பிறகு அடிக்குறிப்பைப் படித்தேன். எப்படி எண்ணுகிறார்கள்? இணையத்தில் ஒரு மொழியின் பெயர் எத்தனை பக்கங்களில் வருகிறது என்று தேடிப் பார்த்து எண்ணுகிறார்கள். அவ்வளவுதான். இத்தனை வருஷம் காதர் பாய் ஆபீஸில் பிசகாமல் சம்பளம் போட்டதை யாரும் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. எதற்கு எழுத? ஓடுகிற வரைக்கும் பேச்சில்லை. பேச்சைத்தான் எண்ணுகிறார்கள்.

எனக்குக் கொஞ்சம் தெம்பு. ஆனால் எனக்குச் சாதகமாக இருப்பதால்தான் இந்த நியாயம் இவ்வளவு அழகாகத் தெரிகிறதோ என்றும் ஒரு சந்தேகம்.

சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதை ஜெபம். ஆக்னஸ் பாதியில் தோளில் தூங்கிவிட்டாள்.

மார்ச் 6, சனி

மண்டிக்குப் போனேன். அதே தோல் வாடை, அதே உப்பு மூட்டைகள். முதல் நாள் வேலைக்கு வந்தபோது மூக்கைப் பொத்தியது நினைவு. இன்று அந்த வாடையே சந்தோஷமாக இருந்தது. பைத்தியம்.

பாய்க்குத் தாடி முழுக்க வெளுத்துவிட்டது. கணக்கெல்லாம் இப்போது மகள் சபீரா. பி.காம்., என்னைவிட நாலைந்து வயது இளையவள். மேஜையில் பிரிட்டோ அனுப்பிய அதே லிஸ்ட்டைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அதன்மேல் டீத் தட்டை வைத்தாள். நல்ல பெண்.

புதுக் கம்ப்யூட்டரில் புரோகிராமைத் தட்டினால் ஏதோ வகுத்தல் பிழை என்று ஒரு வரி, உடனே அணைந்துவிடுகிறது. என்ன செய்தும் எழுந்திருக்கவில்லை. ஊரில் யாரைக் கேட்பது? ஜங்ஷன் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவருக்குப் போன் செய்தேன். "அதெல்லாம் யாருங்க இப்ப வச்சிருக்கா" என்றார். தெம்பு இறங்கிவிட்டது.

திரும்பும் வழியில் பிரௌசிங் சென்டர். ஃபாக்ஸ்ப்ரோக்காரர்கள் பேசிக்கொள்ளும் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் கேள்வி போட்டேன். பொத்தானை அழுத்திய பிறகுதான் உறைத்தது: நான் எழுதியதும் இப்போது ஒரு பக்கம். ஓடியபோது எண்ணிக்கையில் இல்லை. நின்றுபோனதும் லிஸ்ட்டில் ஒன்று கூடிவிட்டது.

வாங்க வேண்டியது: நல்லெண்ணெய், ஆக்னஸுக்குச் செருப்பு, பூண்டு.

மார்ச் 8, திங்கள்

பதில் வந்துவிட்டது. நம்பவே முடியவில்லை. பெரு நாட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவராம். கடைக் கணக்குக்குத் தானே எழுதிக்கொண்ட புரோகிராம். அவருக்கும் இதே வியாதி வந்திருக்கிறது. புதுக் கம்ப்யூட்டர்கள் ரொம்ப வேகம், கண் மூடித் திறக்கிற நேரத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு அந்தப் பூஜ்யத்தால் வகுக்கப் போய் இந்த மொழி விழுந்துவிடுகிறதாம். திருத்துவதற்கு ஒரு குட்டி ஃபைலையும் சேர்த்து அனுப்பியிருந்தார். ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். போட்டேன். எழுந்துவிட்டது.

சபீரா கை தட்டினாள். பாய் உள்ளேயிருந்து, "என்ன, உசுரு வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

முன்பின் தெரியாத மனிதர். முகம் தெரியாது. எழுதியது தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், அவர் பாஷையில் ஒரு நன்றி சொல்லக்கூட எனக்குத் தெரியாது. இன்று இரவு ஜெபத்தில் அந்த மருந்துக்கடையையும் சேர்த்துக்கொண்டேன். அத்தை (செ.யின் அம்மா), "அது யாரு புதுசா?" என்றார்கள்.

பதிலின் கடைசி வரியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: இங்கே இந்த மொழிக்கு நான் ஒருவன்தான், உங்கள் ஊரில் எத்தனை பேர்? பதில் எழுதவில்லை. ஒருத்தி என்று எழுதக் கை வரவில்லை.

மார்ச் 9, செவ்வாய்

தலைவலி. துணி ஊறவைத்ததோடு சரி.

செ.யிடம் எல்லாம் சொன்னேன். லிஸ்ட் சுத்தப் பொய் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார், எதிர்பார்த்ததைச் சொல்ல மாட்டார்.

"பழனிக்கு நடக்குற கூட்டம் ஏன் ஒரே ரோட்டுல போகுது? அந்த ரோடு ஒசத்தின்னா? அதுலதான் தண்ணிப் பந்தல் இருக்கு. கால் சுளுக்குனா தூக்கிவிட ஆள் இருக்கு."

நான் தனி ரோட்டில் நடக்கிறேன். ஒரே ஒரு தண்ணீர்ப் பந்தல், அதுவும் பெருவில். அந்த ஆளும் கடையை மூடிவிட்டால்?

கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கோபம்.

மார்ச் 11, வியாழன்

சென்னைக் கம்பெனிப் பையன் வந்தான். டை, வியர்வை. பாவம், டீயில் சர்க்கரை கூடிப்போய்க் குடிக்க முடியாமல் குடித்தான். அவன் காட்டிய சாஃப்ட்வேர் அழகு, உள்ளதைச் சொல்ல வேண்டும். கலர் கலராகப் பட்டன்கள். என்னுடையது நீலத் திரையில் வெள்ளை எழுத்து.

ஆனால் அதில் ஞாயிறு விடுமுறை, வெள்ளி வேலை நாள். மண்டிக்கு வெள்ளிதான் விடுமுறை, ஜும்ஆத் தொழுகை. வியாழன் சாயங்காலம் சம்பளம். ரம்ஜான் மாதம் நேரமே வேறு. பாய் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாத்தியளா, இது நம்ம ஊட்டுப் புள்ள இல்ல."

அப்போது நான் சும்மா இருந்திருந்தால் வேலை எனக்குத்தான். சபீராவே தலையாட்டிவிட்டாள். வாய் கேட்கவில்லை.

"அது பாஷையோட குத்தம் இல்ல பாய். இவுக செத்த நேரத்துல மாத்திருவாக."

பையன் என்னை நன்றியோடு பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன். சனிக்கிழமை முடிவு.

மார்ச் 12, வெள்ளி

மண்டி விடுமுறை. மனசுக்கு விடுமுறை இல்லை. மீன் குழம்பு. அத்தை, "வேல கெடச்சா ஆக்னஸ நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றார்கள், நான் எதுவும் கேட்காமலே. அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 13, சனி

சொல்லிவிட்டேன். மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம், நான், பாய், சபீரா.

லிஸ்ட் எது நல்ல மொழி என்று சொல்லாது. உங்கள் மண்டிக்கு எது பொருந்தும் என்பதும் அதற்குத் தெரியாது. ஆனால் நாளைக்கு நின்றுபோனால் கேட்க எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஓரளவு சொல்லும். என் மொழிக்கு இந்த ஊரில் நான் ஒருத்திதான். இப்போது ஓடுகிறது, இன்னும் சில வருஷம் ஓடும். ஒருத்தியை நம்பி ஒரு மண்டி இருக்கக் கூடாது. அதனால் மாறிக்கொள்ளுங்கள். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

முதலில் வாய் திறந்தது சபீராதான்.

"அக்கா, லிஸ்ட்ட நானும் அதுக்குத்தான் பாத்தேன். ஒங்க புரோகிராம் மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆக்னஸுக்குக் காய்ச்சலா இருந்தப்ப நான் போன் போட்டேன்ல, புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டே சொல்லிக்குடுத்தீக. புள்ள அழுற சத்தம் கேட்டுச்சு. அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒருத்தர இம்புட்டுப் படுத்தலாமான்னு."

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை.

பாய் தாடியைத் தடவினார். "கொற ஆளுதானே? ஆளச் சேத்துக்கிட்டாப் போச்சு. சபீரா, நீ படிக்கிறியா?"

"அதத்தான் அத்தா நானும் கேக்க வந்தேன்."

சென்னைக்காரர்களை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. அதற்குள் அவள் இதைப் படிப்பாள், நான் ஜாவா படிப்பேன். மாறுகிற காலம் வந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து மாற்றுவோம். திங்கள் முதல் வேலை, ஆக்னஸ் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வரை. படிப்பை இன்றே ஆரம்பிக்கலாம் என்றாள் சபீரா. நீலத் திரையில் அவளே தட்டி அவள் பெயரை வரவழைத்தாள். எழுத்துப்பிழையோடு.

லிஸ்ட்டில் இது ஏறாது.

ஆண்டவரே, நன்றி. வரும் வழியில் பிரௌசிங் சென்டர் பூட்டியிருந்தது. நாளைப் பூசை முடிந்ததும் முதல் வேலை, பெருவுக்குப் பதில்: எங்கள் ஊரில் இரண்டு பேர்.